உடன்பிறந்தவர்கள் பதினேழு பேர்

திராட்சைத் தோட்டத்தில் அவளைக் கத்திரி என்பார்கள். கவாத்து மாதத்தில் மற்றவர்கள் ஒரு வரிசையில் பாதி போவதற்குள் அவள் முழு வரிசையையும் வெட்டி முடித்துவிட்டு, முனையில் உட்கார்ந்து கத்திரியைத் தீட்டிக்கொண்டிருப்பாள். வாயும் அதே கூர்மை. மேஸ்திரி அவளிடம் பேசுவதென்றால் இரண்டடி தள்ளி நின்றுதான் பேசுவான். அந்த வாய் ஒரே ஒரு நாள் பேசக் கூடாததைப் பேசியது. அதை நினைத்துத்தான் பிறகு அவள் பல நாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

அந்த வருஷம் புதுச் சட்டம் வந்திருந்தது. வயலிலும் தோட்டத்திலும் கூலிக்கு உழைக்கிறவர்கள் இனிமேல் ஆலைத் தொழிலாளிக்குச் சமம் என்றது சட்டம். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பெண்களுக்குக் கக்கூஸ் கட்டித் தர வேண்டும். மருந்தடிக்கிறவனுக்கு அளவான உடை தர வேண்டும். சுழலுகிற எந்த இயந்திரமும் மூடி இல்லாமல் ஓடக் கூடாது. அடிபட்டால் வைத்தியமும் ஈடும் முதலாளி பொறுப்பு. தோட்டத்தில் ரேடியோவைச் சுற்றி நின்று இதைக் கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோரு வருஷமாகக் கொடி மறைவில் ஒதுங்கிக்கொண்டிருந்த கத்திரி, கக்கூஸ் என்று கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. சொந்த நிலத்தில் உழைக்கும் சொந்தக் குடும்பத்துக்கு இது எதுவும் கிடையாது. அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, அவர்களுடைய பிள்ளைகள், இவ்வளவுதான் குடும்பம். பெரியப்பா மகன், மாமன் மகன் எல்லாம் கணக்கில் வராது.

முதலாளிக்கு அந்தச் சந்து போதுமானதாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் முப்பத்தொரு பேரையும் பெட்டி கட்டும் கொட்டகையில் கூட்டினார். ஆளுக்கொரு டீ. அந்தத் தோட்டத்தில் அவர் செலவில் யாரும் டீ குடித்ததில்லை என்பதால், பலர் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நாமெல்லாம் என்னைக்குமே ஒரே குடும்பம்தான். இப்ப அதைப் பேப்பர்ல எழுதிக்கிறோம், அவ்வளவுதான். எழுதலேன்னா நான் பாதிப் பேரை நிறுத்தணும். சட்டம் அப்படி. எனக்கு மனசு வரல" என்றார்.

குமாஸ்தா பத்திரத்தைப் படித்தான். முதலாளியோடு உடன்பிறந்தவர்கள் பதினேழு பேர். அவர்களுடைய பிள்ளைகள் பதினாலு பேர். அறுபத்திரண்டு வயது டிராக்டர்காரர் மூத்த அண்ணன். கத்திரி தங்கை. அவள் தம்பி, முதலாளிக்கும் தம்பி.

டிராக்டர்காரரின் மனைவி பெட்டி கட்டுகிறவள், பெட்டிக்காரி என்பார்கள். அவளும் தங்கைப் பட்டியலில் இருந்தாள். புருஷனை ஓரக் கண்ணால் பார்த்தாள்.

"அப்ப இவரு எனக்கு அண்ணன் முறையா?"

"பேப்பர்ல மட்டும்" என்றான் குமாஸ்தா.

"நல்லதாப் போச்சு. இனிமே சமைச்சுப் போடச் சொல்லி அதிகாரம் பண்ண முடியாது பாரு."

கொட்டகை சிரித்தது. முதலாளியும் சிரித்தார். பிறகு டிராக்டர்காரரைப் பார்த்து, "டேய், நீ முதல்ல போடு" என்றார். மூத்த அண்ணன் முதலில் கையெழுத்துப் போட்டார்.

எட்டாவது வரை படித்த கத்திரி பத்திரத்தை வரி வரியாகப் படித்தாள். சொந்த ரத்தம் என்று ஓர் இடத்திலும், அதிகாரி முன்னிலையில் சத்தியம் செய்து சொல்கிறேன் என்று ஓர் இடத்திலும் இருந்தது. படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டாள். தம்பிதான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இது பொய்தானே. பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா?"

"போடுடா. கையெழுத்துதானே கேக்குறாங்க, கையையா கேக்குறாங்க" என்றாள் அவள்.

அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

மறுநாள் டிரெய்லரில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். ஓய்வு பெற ஒரு மாதம் இருந்த பழைய பதிவாளர் தலையைத் தூக்காமலே முப்பத்தொரு முத்திரை குத்தினார். "உங்கப்பா லேசுப்பட்ட ஆள் இல்ல போலிருக்கே" என்று மட்டும் முதலாளியிடம் சொன்னார்.

அந்த வாரம் தம்பி, மருந்தடிக்க உடை வேண்டும், சட்டத்தில் இருக்கிறது என்று மேஸ்திரியிடம் கேட்டான். விஷயம் முதலாளிக்குப் போனது. அவர் வீட்டிலிருந்து தன்னுடைய பழைய மழைக்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணன் போட்டது தம்பிக்கு" என்று முதுகில் தட்டினார். முதலாளி பெரிய உடம்புக்காரர். தம்பி கவாத்துக் குச்சி மாதிரி இருப்பான். கோட்டின் கை அவன் விரல்களைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்தான்.

மருந்துத் தொட்டி டிராக்டருக்குப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு இரும்புத் தண்டு சுழலும். அதுதான் தொட்டியின் பம்பை ஓட்டும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. தண்டுக்கு கிரீஸ் வைக்க ஒவ்வொரு காலையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டும், பத்து நிமிஷம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிஷம் வீண் என்று மேஸ்திரி மூடியைக் கழற்றி மோட்டார் அறைக்குப் பின்னால் வீசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை இருந்தது.

பத்திரம் எழுதி நாலாவது மாதம். தம்பி வால்வைத் திறக்கக் குனிந்தான். மடித்துவிட்ட கோட்டுக் கை அவிழ்ந்து தண்டின்மேல் விழுந்தது.

கத்திரி இரண்டு வரிசை தள்ளிக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் டிராக்டரின் சத்தம் ஒரு நொடி திணறியது, பிறகு பழையபடி ஓடியது. அந்த ஒரு நொடிதான். டிராக்டர்காரர் கத்திக்கொண்டே வண்டியை நிறுத்தியபோது, வலது கை முழங்கைக்கு மேலே வரை தண்டில் சுற்றியிருந்தது. தம்பி கத்தவில்லை. "அக்கா, இதை அவிழ்த்து விடு" என்றான், சட்டையில் முள் சிக்கிக்கொண்ட மாதிரி.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. முதலாளி ஒரு தடவை வந்தார். ஒரு பை நிறையத் திராட்சை கொண்டுவந்தார். பையைத் திறந்து பார்த்த கத்திரிக்குப் புரிந்தது: வெடித்த பழம், பெட்டியில் ஏறாமல் காடிக்குப் போகிற மூன்றாம் தரம். பதினோரு வருஷமாக அவள் கையாலேயே தனியாக எடுத்துப் போடுகிற தரம். அவர் போன பிறகு பையை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். தம்பியின் கட்டுப் போட்ட தோளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையையா கேக்குறாங்க என்று தான் சொன்னது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த ஆய்வாளர் அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். மின்விசிறி ஓடாத அறையில் கோப்புகளால் விசிறிக்கொண்டிருந்தாள். விவரம் கேட்டாள், உள்ளே போய்ப் பத்திரத்தின் நகலோடு திரும்பி வந்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாம்மா. ஆனா அது பொய்."

"பொய்னு நீங்க சொன்னா போதாது. சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்தது அவர். அவர்தான் அதை வாபஸ் வாங்கணும். அதுவரைக்கும் உங்க தம்பி அவருக்குக் கூடப் பொறந்த தம்பி. குடும்பத்துக்குள்ள நடந்த விபத்து. நான் உள்ள வர முடியாது."

"கை போயிருக்கும்மா."

"தெரியுது. தொழிலாளியா இருந்தா இன்னைக்கே எழுதியிருப்பேன். இதே மாதிரி ஏழு தோட்டம் என்கிட்ட இருக்கு. எல்லாரும் அண்ணன் தம்பி." ஆய்வாளர் எரிச்சலோடு கோப்பை மூடினாள். "கூடப் பொறந்தவங்கன்னா ஈடு கேக்காதீங்க. போய்ப் பங்கு கேளுங்க."

வயிற்றெரிச்சலில் சொன்ன பேச்சுதான் அது. கத்திரி படியிறங்கும்போது அதைக் குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது வேறு மாதிரி தோன்றியது. வந்த பேருந்தை விட்டுவிட்டாள். எதிர்ப்பக்கம் போய், பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகிற பேருந்தில் ஏறினாள்.

பத்திரத்தின் முத்திரை நகல் ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் காத்திருந்தாள். அங்கே ஒரு பலகை, அதில் அறிவிப்புகள். பொழுது போகாமல் படித்தாள். மூன்றாவது தாளில் முதலாளி பெயர். சாலையோரம் உள்ள பன்னிரண்டு ஏக்கரைப் பழச்சாறு ஆலைக்கு விற்கிறார். நிலம் இன்னும் காலமான தகப்பனார் பெயரில் இருக்கிறது. வாரிசுகளில் யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம்.

கத்திரி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஜன்னலுக்குப் போய்க் கேட்டாள்:

"கூடப் பொறந்த தங்கச்சி வாரிசுல வருவாங்களா?"

"பின்ன?" என்றான் உள்ளே இருந்தவன். "மகனுக்கு எவ்வளவோ, மகளுக்கும் அவ்வளவு."

"அப்ப ஆட்சேபனை மனு ஒண்ணு கொடுங்க."

மனு போட்ட மறுநாள் காலை ஏழு மணிக்குக் கத்திரி வழக்கம்போலத் தோட்டத்துக்குப் போனாள். கொடிப் பக்கம் போகவில்லை. நேராக முதலாளியின் அலுவலக அறைக்குள் போனாள். மின்விசிறியைப் போட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி ஓடி வந்தான். வாசலில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

"ஏய், என்ன பண்ற? எந்திரி."

"யாரை ஏய்ங்கற? உன் முதலாளி தங்கச்சிகிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"எங்க அண்ணன் வர்ற நேரம்தானே. வரட்டும்." சுவரில் முதலாளியின் தகப்பனார் படம் மாட்டியிருந்தது. கத்திரி எழுந்து போய் அதை உற்றுப் பார்த்தாள், விரலால் ஒரு கோடு இழுத்தாள். "எங்கப்பா படத்துல இவ்வளவு தூசி. துணி எடுத்துட்டு வா."

மேஸ்திரி துணி எடுக்கப் போகவில்லை. முதலாளிக்குப் போன் பண்ணப் போனான். கத்திரி முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்து, படத்தை நேராக மாட்டினாள். முதலாளியோடு சேர்த்துப் பதினெட்டுப் பேரைப் பெற்றவராக ஆகிவிட்ட அந்த மனிதர் மீசைக்கு மேலே அவளை முறைத்துக்கொண்டிருந்தார்.

முதலாளி அன்று வரவில்லை. பதிவு அலுவலகத்துக்கு ஓடியிருந்தார். பழைய பதிவாளர் போய்ப் புதியவர் வந்திருந்தார். எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படிக்கிற ஆள். அவர் முதலாளியிடம் சொன்னது மாலைக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது: ஒன்று தங்கை கையெழுத்துப் போட வேண்டும், இல்லை அவள் தங்கை இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்து பழைய பத்திரத்தை ரத்து செய்ய வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. ஆலைக்காரர்கள் மாதக் கடைசி வரைதான் பொறுப்பார்கள். அவர்கள் கொடுத்த முன்பணத்தில் முதலாளி ஏற்கெனவே புது வீட்டுக்குத் தூண் எழுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கத்திரியின் வீட்டுக்கு வந்தார். ஒரே அறை, ஒரு முக்காலி, ஒரு கட்டில். கட்டிலில் தம்பி இடது கையால் ஒரு பழைய நோட்டில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தான். எழுதும்போதெல்லாம் நோட்டு வழுக்கிக்கொண்டு போனது. அதன்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்திருந்தான். எதிர்ச் சுவரில் ஆணியில் மழைக்கோட்டு தொங்கியது. வலது கை இல்லாத கோட்டு. முதலாளி அதைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பினார். அறையில் வேறு பக்கம் என்று அதிகம் இல்லை.

"வாங்கண்ணே" என்றாள் கத்திரி. "தங்கச்சி வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா? உக்காருங்க."

"நக்கல் வேண்டாம். விஷயத்துக்கு வர்றேன்." முக்காலியில் பாதி உட்கார்ந்தார். "நடந்தது நடந்துபோச்சு. தம்பிக்கு கேட்ல காவல் வேலை தர்றேன். தங்க ரூமும் தர்றேன். நீ வந்து ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"போன தடவை போட்ட கையெழுத்துக்கே இன்னும் கட்டுப் பிரிக்கல."

முதலாளி தம்பியைப் பார்த்தார். "நீயாவது சொல்லுப்பா."

தம்பி நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா என்ன சொல்லுதோ அதுதான்."

"சரி, என்னதான் வேணும் உனக்கு?"

"ஆபீஸ்ல வந்து நில்லுங்க. இவங்க எனக்கு உறவு இல்ல, என் தோட்டத்துல வேலை செய்ற தொழிலாளிங்கன்னு சொல்லுங்க. ஒவ்வொரு பேரா. முப்பத்தொரு பேரு."

முதலாளி முக்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தொண்ணு சொன்னா நான் அழிஞ்சேன். கக்கூஸ்லேருந்து ஆரம்பிச்சு எல்லாம் கேப்பாங்க. பொய்ச் சத்தியம்னு வேற பிடிப்பாங்க. உங்க ரெண்டு பேரை மட்டும் எடுத்துடறேன். குமாஸ்தா தப்பா எழுதிட்டான்னு சொல்லிக்கலாம். தம்பிக்கு ஈடு, வைத்தியம், எல்லாம் சட்டப்படி கிடைச்சுடும். மத்தவனைப் பத்தி உனக்கு என்ன? எவனாவது உனக்காக ஒரு வார்த்தை பேசினானா?"

அது உண்மை. ஒருவரும் பேசவில்லை. டிராக்டர்காரர்கூட, ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் கத்திரி.

அவர் போனதும் தம்பி பேனாவைக் கீழே வைத்தான்.

"வாங்கிக்கலாம்க்கா. நமக்குக் கிடைச்சுடுதுல்ல."

"கிடைக்கும்."

"பின்ன என்ன? மத்தவங்களுக்காகவா பாக்குற?"

"அவங்களுக்காக ஒண்ணும் இல்லடா." கத்திரி கோட்டின் அருகே போய், அறுந்த தோள் விளிம்பை விரலால் தடவினாள். "ரெண்டு பேருன்னா அந்த ஆளுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை. சொல்லிட்டு, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போயிடுவான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். அவன் நிக்கணும். ஒரு நாள் பூரா நின்னு சொல்லணும். நாக்கு வறண்டு போகணும்."

தம்பி அவளையே பார்த்தான். "சரி. ஆனா அன்னைக்குப் பூரா நானும் அங்கதான் இருக்கணும். பசிச்சா நீதான் ஊட்டணும்" என்றான். கத்திரிக்குப் பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை மேஸ்திரி கொட்டகையில் அறிவித்தான்: விற்பனை நின்றால் முதலாளி கவாத்தை நிறுத்திவிடுவார், எல்லாரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான், நன்றியைக் கத்திரிக்குச் சொல்லுங்கள். அன்று மாலையே பெட்டிக்காரி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"உன் தம்பிக்கு ஆனது எனக்கும் வயிறு எரியுது. அதுக்காக முப்பது அடுப்பை அணைப்பியா? ரெண்டு பேருக்கும் தர்றேன்னுட்டாராம். வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே."

"உக்காருக்கா. ஒண்ணு கேக்குறேன். என் தம்பி போனப்புறம் டிராக்டருக்குப் பின்னாடி போய் வால்வைத் திறக்கிறது யாரு?"

"யாரு... எங்க வீட்டுக்காரர்தான். வண்டியை ஓட விட்டுட்டு அவரே இறங்கித் திறக்குறாரு. ஆள் இல்லையே."

"மூடி போட்டாச்சா?"

பெட்டிக்காரி இல்லை என்று தலையாட்டினாள்.

"அறுபத்திரண்டு வயசு. கண்ணு சரியாத் தெரியாது. தோள்ல துண்டு தொங்கிக்கிட்டே இருக்கும்" என்றாள் கத்திரி. "நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ எந்த ஆபீஸ்ல போய் நிப்ப? அங்க ஒரு அம்மா இருக்கு. முதல்ல பேப்பரை எடுக்கும். நீங்க அவருக்கு யாருன்னு கேக்கும். என்ன சொல்லுவ? பொண்டாட்டின்னா? பேப்பர்ல அண்ணன் தங்கச்சின்னு இருக்கு."

பெட்டிக்காரி முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்தாள். அப்படியே எழுந்து போனாள். மறுநாள் பதிவு அலுவலக ஜன்னலில் இரண்டு ஆட்சேபனை மனுக்கள் விழுந்தன: மூத்த அண்ணனுடையது ஒன்று, தங்கையுடையது ஒன்று. வியாழக்கிழமைக்குள் பதினேழும் வந்துவிட்டன. ஜன்னலில் இருந்தவன் கடைசி மனுவை வாங்கும்போது, "இன்னும் பெரியவர் எங்கேயாவது பிள்ளைங்க வெச்சிருக்காரா?" என்று கேட்டானாம்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது முதலாளி ரத்துப் பத்திரம் எழுத ஒப்புக்கொண்டார். உடன்பிறந்த பதினேழு பேர் இல்லை என்றால் அவர்களுடைய பிள்ளைகள் பதினாலு பேரும் இல்லை, ஆக முப்பத்தொரு பெயரும் போக வேண்டும்.

பதிவு அலுவலகத்தில் காலை பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். முதலாளி துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். மேஸ்திரி வாசலோடு நின்றுகொண்டான். ஆய்வாளர் அம்மா ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு, மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். பதிவாளரே அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். கத்திரியைக் கண்டதும், "பங்கு கேக்கச் சொன்னா நிஜமாவே கேட்டுட்டீங்களே" என்றாள் மெதுவாக.

கத்திரி கடைநிலை ஊழியரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: தம்பியின் தாள் கடைசியில் வர வேண்டும். அவன் தலையாட்டிவிட்டு அடுக்கின் அடியில் செருகினான்.

"சத்தியம் செய்து ரத்து செய்வதென்றால் ஒவ்வொரு பெயருக்கும் நேரில் சொல்லணும், எழுந்து நின்று" என்றார் பதிவாளர். முதல் தாளை எடுத்தார். "மூத்த அண்ணன்னு எழுதியிருக்கீங்க. இவர் உங்களுக்கு என்ன உறவு?"

முதலாளி டிராக்டர்காரரைப் பார்க்காமல் சொன்னார். "உறவு இல்ல."

"பின்ன யார்?"

"நம்ம தோட்டத்து ஆளு."

"அப்படி ஒரு இடம் படிவத்துல இல்ல. உறவினர், தொழிலாளி, ரெண்டுதான் இருக்கு."

முதலாளி தொண்டையைச் செருமினார். "தொழிலாளி."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

ஓரத்தில் ஆய்வாளரின் பேனா ஓடும் சத்தம் கேட்டது. டிராக்டர்காரர் வந்து கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு முதலாளியின் முன் ஒரு நொடி நின்றார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல் நின்றார். பிறகு போனார்.

பெட்டிக்காரி தன் முறை வந்ததும், "எனக்குப் புருஷன் திரும்பக் கிடைச்சாச்சா?" என்று பதிவாளரிடம் கேட்டாள். "கிடைச்சாச்சு" என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே.

எட்டாவது பெயரில் முதலாளி உட்காரப் பார்த்தார். பதிவாளர் நிமிர்ந்து பார்த்தார். முதலாளி திரும்ப எழுந்துகொண்டார். பன்னிரண்டாவது பெயரில் தண்ணீர் கேட்டார். அறையின் மூலையில் பானை கத்திரிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் அசையவில்லை. ஊழியன் வந்து மொண்டு கொடுத்தான். மதியம் இடைவேளை விட்டார்கள், திரும்ப ஆரம்பித்தார்கள். இருபதுக்கு மேல் அவர் குரல் கம்மியது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் கொஞ்சம் நின்றார், படியேறி வந்தவன் மாதிரி. கத்திரி ஒன்றையும் விடாமல் கேட்டாள். மூச்சு இழுக்கும் சத்தத்தைக்கூட விடாமல் கேட்டாள்.

முப்பதாவது அவள் பெயர். எழுந்து போய் எதிரில் நின்றாள், மேஸ்திரி நிற்கிற இரண்டடித் தூரத்தைவிட நெருங்கி.

"உறவு?"

"இல்ல. தொழிலாளி. பதினோரு வருஷம்" என்று அவசரமாகச் சொல்லி முடித்தார் முதலாளி.

"கேக்கலீங்க" என்றாள் கத்திரி.

பதிவாளர் அவளைப் பார்த்தார். அவருக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் முதலாளியிடம், "இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்றார்.

இன்னொரு தடவை சொன்னார்.

கடைசித் தாள். தம்பி பெஞ்சிலிருந்து எழுந்தான். வெள்ளைச் சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். மணி மூன்றாகப் போகிறது. வெளியே ஆலைக்காரர்களின் கார் வந்து நின்று, ஹாரன் ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

"தொழிலாளி" என்றார் முதலாளி, கேட்பதற்கு முன்பே. "ஆறு வருஷம். மருந்தடிக்கிற வேலை."

"வேலை நேரத்துலதான் அடிபட்டதா?" என்று ஓரத்திலிருந்து கேட்டாள் ஆய்வாளர்.

முதலாளி வாசலைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

"ஆமா."

"தண்டுக்கு மூடி இருந்ததா?"

"இல்ல."

ஆய்வாளர் எழுதி முடித்துக் கோடு போட்டாள். பதிவாளர் தாளைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தார். முதலாளி துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் ஓரடி வைத்தார்.

தம்பி இடது கையால் பேனாவை எடுத்தான். முதல் எழுத்தைத் தொடங்கினான். தாள் மேசைமேல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு தொடங்கினான். மறுபடி நகர்ந்தது. பெட்டிக்காரி உதவ எழுந்தாள். கத்திரி அவள் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"முதலாளி, கொஞ்சம் பேப்பரைப் பிடிங்க."

முதலாளி பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் தன் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். வெளியே ஹாரன் இன்னொரு தடவை அடித்தது. முதலாளி திரும்பி வந்து, மேசைமேல் குனிந்து, இரண்டு கையாலும் தாளின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்தார். துண்டு நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கக் கை இல்லை.

தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தான். நிறுத்தினான். அடுத்த கோட்டை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தான்.

"மெதுவா எழுதுடா" என்றாள் கத்திரி. "அவசரம் ஒண்ணும் இல்ல."